சம்பளத்துக்கு எழுதுன கோடு, சும்மா எழுதுன கோடு

வணக்கம் சார். எங்க டீம் லீட், "வாலண்டியருங்க ராத்திரி உக்காந்து எழுதுன லைப்ரரியெல்லாம் (ரெடிமேட் கோடு) ப்ரொடக்‌ஷன்ல போடாதீங்க, பெரிய கம்பெனி பின்னாடி இருக்குற ஓப்பன் சோர்ஸா பாத்து எடுங்க"ன்னு சொல்றாரு. ஏன்னு கேட்டா ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரில வந்த ஹார்ட்ப்ளீட் ஓட்டையைக் காட்டுறாரு. நீங்க என்ன சொல்றீங்க?
கா., கோவை

அன்புள்ள கா.,

ஹார்ட்ப்ளீட் வெளிய வந்தது 2014 ஏப்ரல்ல. அதே வருஷம் பிப்ரவரில ஆப்பிள் அவசர அவசரமா ஒரு ஐஓஎஸ் அப்டேட் விட்டாங்களே, அது உங்க லீடுக்கு வசதியா மறந்துபோச்சு போல. அந்த அப்டேட் சரி பண்ணுன எஸ்எஸ்எல் கோடும் (போனுக்கும் சர்வருக்கும் நடுவுல போறதைப் பூட்டுறது) ஓப்பன் சோர்ஸ்தான், யார் வேணா படிக்கலாம், ஆனா சம்பளத்துக்கு எழுதுனது. அதுல 'கோட்டூ ஃபெயில்'ங்கிற வரி ('மிச்சத்தை விட்டுட்டு ஃபெயில்ங்கிற இடத்துக்குத் தாவு'ன்னு அர்த்தம்) அடுத்தடுத்து ரெண்டு தடவை விழுந்துருச்சு. முதல் வரி மேல இருக்குற இஃப்போடது (இப்படி இருந்தா மட்டும் ஓடுங்கிற நிபந்தனை), ரெண்டாவதும் உள்ள தள்ளி இருக்குறதால இஃப்புக்குள்ள இருக்குற மாதிரியே தெரியும், ஆனா ப்ராக்கெட் போடல, அதனால அது எப்பவும் ஓடும், கீழ சிக்னேச்சரை சரிபாக்குற இடத்துக்கு ப்ரோகிராம் போகவே போகாது, எரர் மதிப்பு வேற பூஜ்யமாவே நிக்கிறதால 'எல்லாம் ஓகே'ன்னு திரும்பி வந்துரும். நடுவுல ஒருத்தன் உக்காந்து நாந்தான் உங்க பேங்க் சர்வர்னு சொன்னா போன் நம்பிடும்! அந்த வரிக்குக் கீழ இருக்குறது ஓடவே ஓடாதுன்னு சொல்ற கம்பைலர் வார்னிங் ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணி வச்சிருந்தாலே மாட்டியிருக்கும்.

ஹார்ட்ப்ளீட் மட்டும் என்ன, எதிராளி சொன்ன நீளத்தை செக் பண்ணாம நம்பி, மெமரில இருந்து 64 கேபி வரைக்கும் அள்ளிக் குடுத்துச்சு. ரிலீஸ் ஆகி ரெண்டு வருஷம் யார் கண்ணுலயும் படல. எப்படிப் படும்? அப்போ பாதி இன்டர்நெட் ஓப்பன்எஸ்எஸ்எல் மேல ஓடுச்சு, அவங்களுக்கு வருஷத்துக்கு நன்கொடையா வந்தது சுமார் 2,000 டாலர், முழுநேரமா பாக்க ஒரே ஆளு. அதை ஓசில வாங்கி ஓட்டுனதுல உங்க லீட் சொல்ற பெரிய கம்பெனிங்களும் உண்டு (இதை அவர்கிட்ட மெதுவா சொல்லுங்க).

என்னைக் கேட்டா, வர்ற கோடைப் பாத்து 'இது வேணாம், திருப்பி எழுது'ன்னு சொல்றதுக்கு நேரமும் அதிகாரமும் உள்ள ஆளு அங்க இருக்காரான்னுதான் பாப்பேன். லினக்ஸ் கர்னல்ல (லினக்ஸோட மையக் கோடு) பெரும்பாலான பேட்ச், அதாவது கோடு திருத்தம், கம்பெனி ஆளுங்க அனுப்புறதுதான், ஆனா அதைச் சேக்கலாமா வேணாமான்னு முடிவு எடுக்குற மெயின்டெய்னர் வேற கம்பெனிக்காரரா இருக்கலாம், உங்க ப்ராடக்ட் லாஞ்ச் தேதி அவருக்கு ஒரு பொருட்டே கிடையாது, பத்து தடவை திருப்பி அனுப்புவார். எஸ்க்யூலைட்ங்கிற டேட்டாபேஸ் இன்னொரு மாதிரி, சின்ன டீம், கம்பெனிங்க காசு குடுக்குறாங்க, ஆனா வெளியாள் கோடை பொதுவா சேத்துக்கிறதே இல்ல, டெஸ்ட் கோடு மட்டும் மெயின் கோடைவிட ஐந்நூறு மடங்குக்கு மேல. இதை உங்க லீட் எந்தக் கணக்குல சேப்பாரு?

அடுத்த தடவை லைப்ரரி எடுக்குறப்போ லோகோவ விட்டுட்டு க்ளோஸ் ஆன புல் ரிக்வெஸ்ட்டுங்களை ('இந்தக் கோடைச் சேத்துக்கோங்க'ன்னு வந்த கோரிக்கைங்களை) திறந்து பாருங்க. ஸ்பான்சர் கம்பெனி ஆளே அனுப்பி அதை யாராவது வேணாம்னு மூடியிருந்தாங்கன்னா, தைரியமா எடுங்க.