பார்மசி வேலைக்குப் படிப்பவர்களின் கேள்விகள், ஹட்டன் அக்காவின் பதில்கள்

(பதில் சொல்பவர் ஹட்டனில் வேலை செய்யும், பதிவு பெற்ற மருந்தாளர்.)

தலவாக்கலைத் தம்பி: உயர்தரம் கலைப்பிரிவில் செய்தேன். ஆறே மாதத்தில் மருந்தாளர் ஆக்குவதாக ஓர் இடத்தில் சொல்கிறார்கள். சேரலாமா அக்கா?

காசு கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சான்றிதழைக் காட்டி இலங்கை மருத்துவ சபையில் மருந்தாளராகப் பதியலாமா?" பதிவு இல்லாவிட்டால் நீங்கள் உதவியாளர்தான். மருந்தாளர் பக்கத்தில் இருக்க, குளிசை எண்ணலாம், தட்டில் அடுக்கலாம். நானும் அங்கேதான் தொடங்கினேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உதவியாளர் படிப்புக்கு மருந்தாளர் படிப்பின் விலையைக் கொடுப்பதுதான் வீண்.

பண்டாரவளைத் தங்கச்சி: நான் உயிரியல் பிரிவு. பட்டமாகவே படிக்க முடியுமா?

முடியும். பேராதனையில் நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதுமென்றால் வேறெதையும் யோசிக்காதீர்கள்.

மஸ்கெலியாத் தம்பி: டாக்டரின் கையெழுத்தே புரியவில்லை!

எனக்கும் சில நாள் புரியாது. பிடி (BD) என்றால் இரண்டு வேளை, டிடிஎஸ் (TDS) மூன்று வேளை, நொக்டே (nocte) இரவில். இதெல்லாம் ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். மருந்தின் பெயரில் சந்தேகம் வந்தால் மட்டும் ஊகிக்கவே கூடாது, டாக்டருக்குப் போன் போடுங்கள். மூட்டு வாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தடவைதான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. லேபலில் கிழமையின் பெயரையே எழுதிக் கொடுங்கள்.

கொட்டகலைத் தங்கச்சி: கணக்கு என்றாலே பயம்.

பெரிய கணக்கில்லை. பரசிட்டமோல் பாணி 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். பிள்ளைக்கு 180 என்று எழுதியிருந்தால் ஏழரை மில்லிலீற்றர். இரண்டு தடவை போட்டுப் பாருங்கள், பிறகு இன்னொருவரிடம் காட்டுங்கள். அளவு மூடியைக் கையில் கொடுத்து, எந்தக் கோடு வரை என்று காட்டி அனுப்புங்கள். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு.

நுவரெலியாத் தம்பி: இங்கே இருக்கிற குளிருக்கு இன்சுலினுக்கு ஃப்ரிஜ் எதற்கு?

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை வரை இருக்க வேண்டும். நம் ஊர்க் குளிர் அவ்வளவு இறங்கி நிற்பதில்லை. ஃப்ரிஜில் ஐஸ் உறையும் பெட்டிக்குள்ளும் வைக்கக் கூடாது, உறைந்ததைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பொகவந்தலாவைத் தங்கச்சி: தோட்டத்து அம்மாமார் இரும்புக் குளிசை சாப்பிட்டும் இரத்தம் ஏறவில்லை என்கிறார்கள். என்ன சொல்வது?

எதோடு விழுங்குகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேர் "பிளேன்டீயோடு" என்பார்கள். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. விடிய எழுந்து தேநீரோடு மலைக்கு ஏறுகிறவரிடம் தேநீரை விடு என்றால் கேட்பாரா? நான் குளிசையை இரவுக்கு மாற்றச் சொல்வேன். தண்ணீரோடு, தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது, தேநீருக்கும் குளிசைக்கும் நடுவே இரண்டு மணித்தியாலம். மலம் கறுப்பாகப் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்து மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.