நடையைப் பார்த்தவர்

சென்ற இதழில் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுதினேன். பி.டி. உஷாவின் குரு, பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருதை முதல் வருடமே வாங்கியவர், 2021-ல் மறைந்தார் என்று அவ்வளவுதான். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை கிரிக்கெட் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். 34 வருடம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவன் நான். பதில்களும் கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும்.

எங்கள் அப்பா கல்லூரி நாளில் 400 மீட்டர் ஓடியவர். பல்கலைக்கழகப் பதக்கம் உண்டு. பிறகு மின்வாரிய வேலை. மாலை ஐந்தரைக்குப் பள்ளி மைதானத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார், ஒரு காசு வாங்கியதில்லை. போன மாதம் காலமாகிவிட்டார். அவரிடம் பழகிய பிள்ளைகள் படத்திறப்பு வைத்திருக்கிறார்கள். குடும்பத்தின் சார்பில் நான் பேச வேண்டும். 'நல்ல தகப்பன், நல்ல பயிற்சியாளர்' என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. என்ன பேசுவது?
பி.கு: அப்பா தினமும் பத்து முட்டை அவித்துத் தூக்குவாளியில் எடுத்துப்போவார். நன்றாக ஓடியவனுக்கு என்றில்லை. 'வீட்டில் சாப்பிட்டியாலே?' என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். இதையெல்லாம் மேடையில் சொன்னால் நன்றாக இருக்காது இல்லையா?
— ஒரு வாசகி, தென்காசி

அம்மா, பேச வேண்டியதையெல்லாம் பி.கு.வில் எழுதிவிட்டு என்ன பேசுவது என்று என்னைக் கேட்கிறீர்கள்.

பதக்கம், சான்றிதழ், வருடக் கணக்கு எல்லாவற்றையும் வரவேற்புரை சொல்பவரே படித்துவிடுவார். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்பதை போஸ்டரிலேயே அடித்திருப்பார்கள். அந்தத் தூக்குவாளியைப் பற்றி அங்கே உங்களைத் தவிர யாரால் பேச முடியும்? அது எவர்சில்வரா, அலுமினியமா? மூடி சரியாக மூடுமா? பத்து முட்டையில் வீட்டுக்கு ஏதாவது திரும்பி வருமா? 'சாப்பிட்டியா' என்ற கேள்விக்குப் பொய் சொன்ன பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடித்திருப்பார். எனக்குத் தெரியும், பசியோடு ஓடுகிற பையனின் தோள் மூன்றாவது சுற்றிலேயே தொங்கிவிடும்.

நம்பியாரைப் பற்றியும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இப்படி ஒரு சின்ன விஷயம்தான். 1976-ல் கேரள அரசு கண்ணூரில் பெண் பிள்ளைகளுக்கென்று விளையாட்டுப் பிரிவு தொடங்கிய நேரம். பரிசளிப்பு விழா ஒன்றில் அவர் கண்ணில் ஒரு சிறுமி படுகிறாள். பன்னிரண்டு வயது, ஒல்லி உடம்பு. அவளிடம் தன்னைக் கவர்ந்தது அந்த மெலிந்த உடல்வாகும் வேகமான நடையும்தான் என்று பின்னாளில் சொன்னார். நடையைப் பார்த்தே ஓட்டக்காரி என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர். அந்தப் பெண்தான் உஷா, பிறகு 1985-ல் ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம் வாங்கினாள், அடுத்த வருடம் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு. இந்தக் கணக்கு எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் கிடைக்கும். ஒரு பிள்ளை நடந்து போவதை நின்று பார்த்தது பயிற்சியாளருக்கு மட்டுமே சொந்தம்.

அவரும் உங்கள் அப்பா மாதிரி ஒரு காலத்தில் தடகள வீரர்தான். விமானப்படையில் இருந்தபோது முப்படைகளின் சர்வீசஸ் அணிக்காகத் தேசியப் போட்டிகளில் கலந்துகொண்டவர். அப்புறம் பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு. தான் ஓடி முடித்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, சாகும்வரை தன் ஓட்டத்தையே பேசிக்கொண்டிருக்கும். இன்னொரு வகை, அடுத்தவன் காலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். உங்கள் கடிதத்தில் அப்பாவின் பதக்கத்துக்கு ஒரு வரி, முட்டைக்கு நான்கு வரி. அவர் எந்த வகை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அந்த முட்டையை அவித்தது யார்? 'அப்பா அவித்து' என்று எழுதியிருக்கிறீர்கள். மின்வாரிய வேலை முடித்து ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கும் மனிதர் எப்போது அவித்தாராம்? அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அம்மாதான் என்றால் அதையும் மேடையில் சொல்லுங்கள், அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது.

ஐந்து நிமிடம் போதும். அழுகை வந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். கூட்டம் காத்திருக்கும். மைக் கிடைத்தால் விடாத ஆட்கள் நம் ஊரில் வேறு இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்பாகவே பேசிவிடுங்கள். முடிந்தால் தூக்குவாளியைப் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கத்தை இழந்தது பயிற்சியாளரின் தவறுதானே? கடைசியில் நெஞ்சை முன்னால் தள்ளச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா?
— ஒரு வாசகர், கரூர்

டீக்கடையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். நானும் சொன்னேன். 1984 ஆகஸ்ட் 9 காலை, எங்கள் ஊர் டீக்கடையில் வானொலிச் செய்தி கேட்டுவிட்டு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, எல்லாம் தெரியும் என்ற வயது.

நடந்தது இது. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே அந்த வருடம்தான். உஷா அதைக் கையில் எடுத்து அதிக காலம் ஆகவில்லை. அரையிறுதியைக் கடந்தார். இறுதிப் போட்டியில் முதலில் வேறொருவர் ஃபால்ஸ் ஸ்டார்ட் (துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே கிளம்புவது) செய்ய, எல்லோரையும் திரும்ப அழைத்தார்கள். இரண்டாம் முறை உஷா காலை ஊன்றிய பிளாக்கிலிருந்து கிளம்பியது ஒரு இழை தாமதம். மொராக்கோவின் நவால் 54.61-ல் தங்கம், அரபு நாட்டுப் பெண் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ருமேனியாவின் கோஜோகாரு 55.41-ல் வெண்கலம். உஷா 55.42.

400 மீட்டரை 55.42-ஆல் வகுத்துப் பாருங்கள். அந்தச் சராசரி வேகத்தில் நூறில் ஒரு பங்கு விநாடி என்பது ஏழு சென்டிமீட்டர். உங்கள் ஆள்காட்டி விரல் நீளம். பத்துத் தடையைத் தாண்டி ஓடிய ஒருவரிடம் ஒரு விரல் நீளத்துக்கு யாரைக் குற்றம் சொல்வது? ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு ஒத்துவராமல் கஞ்சியும் ஊறுகாயுமாகச் சமாளித்ததாக உஷாவே பல வருடம் கழித்துச் சொன்னார். கடைசி 35 மீட்டரில் தெம்பு குறைந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொன்னார். இதில் நெஞ்சை எங்கே தள்ளுவது? (முட்டை நினைவுக்கு வருகிறதா?)

அந்த நொடியை மறக்கவே முடியவில்லை, அழுதுகொண்டே இருந்தேன் என்று நம்பியார் 2021-ல் பேட்டியில் சொன்னார். நடந்து 37 வருடம் ஆகியிருந்தது, அவருக்கு வயது 89-ஐ ஒட்டி. தவறு யாருடையது என்ற விசாரணையை அவர் தனக்குள் எத்தனை தடவை நடத்தியிருப்பார்! கரூரிலிருந்து நீங்களும் தென்காசிப் பக்கமிருந்து நானும் சேர வேண்டுமா?

துரோணாச்சாரியா விருது முதலில் அவருக்குத்தானா?
— ஒரு மாணவர், விருதுநகர்

1985-ல் விருது தொடங்கிய முதல் வருடமே அவருக்குக் கிடைத்தது. கூடவே மல்யுத்தத்துக்கும் குத்துச்சண்டைக்கும் ஒவ்வொருவர். பத்மஸ்ரீ மட்டும் 2021-ல்தான் வந்தது, அவர் படுக்கையில் இருந்த காலத்தில். முன்பே வந்திருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். நியாயம்தான்.

என் கணவர் பள்ளி முடிந்ததும் கபடிப் பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போய்விடுகிறார். ஊரே புகழ்கிறது. சொந்த மகன் எந்த வகுப்பு என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். நீங்கள் எப்படி?
— ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

மாட்டிவிட்டீர்கள்.

என் மகள் நான் வேலை பார்த்த பள்ளியில்தான் படித்தாள். ஏழாம் வகுப்பில் விளையாட்டு விழா, 100 மீட்டர். முடிவுக் கோட்டில் ஸ்டாப் வாட்ச்சோடு நான். மூன்றாவதாக ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் வாட்ச்சைப் பார்த்து, 'பதினேழு புள்ளி நாலு' என்றேன். அடுத்த செட்டுக்கு விசில் ஊதினேன். அவ்வளவுதான்.

இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பண்டிகைக்கு வரும்போது, சாம்பார் எப்படிம்மா என்பேன். 'பதினேழு புள்ளி நாலு' என்பாள். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு வழி?

உங்கள் கணவர் கெட்ட மனிதர் இல்லை, என்னைப் போல ஒருவர். ஊர்ப் பிள்ளை பாராட்டுக்கு ஏங்குவது கண்ணுக்குத் தெரியும், சொந்தப் பிள்ளை ஏங்குவது தெரியாது. அது இந்தத் தொழிலின் வியாதி. சண்டை போட்டால் மைதானத்தில் இன்னும் அரைமணி நேரம் கூடுதலாக நிற்பார், அனுபவத்தில் சொல்கிறேன். மகனை அனுப்பிவிடுங்கள். கபடி ஆட வேண்டாம், பாயிண்ட் எழுதட்டும், தண்ணீர் பாட்டிலைத் தூக்கட்டும். திரும்பி வரும்போது சைக்கிளிலோ பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து வருவான் இல்லையா, அந்தப் பத்து நிமிடம் அவன் பங்கு. வாரத்தில் இரண்டு நாள் போதும், தொடங்குங்கள். பலிக்கவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் விசிலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

நீரஜ் சோப்ரா தங்கம் வென்றதை நம்பியார் பார்த்தாரா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

டோக்கியோவில் நீரஜ் ஈட்டி எறிந்தது 2021 ஆகஸ்ட் 7. இந்தியத் தடகளத்துக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காவதாக வந்த மில்கா சிங் அதைப் பார்க்கவில்லை, ஜூன் மாதமே போய்விட்டார். நம்பியார் அப்போது வடகரா பக்கம் தன் வீட்டில் இருந்தார். (கோழிக்கோடு மாவட்டத்து வடகரா. செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் வடகரை அல்ல.) பார்க்கின்சன் நோய், பேச்சு நின்றிருந்தது.

உஷா நேரில் போனார். நீரஜ் தங்கம் வாங்கிய செய்தியைச் சொன்னார். சொன்னது அவருக்குப் புரிந்தது, பதில்தான் சொல்ல முடியவில்லை என்று பிறகு நிருபர்களிடம் தெரிவித்தார். ஆகஸ்ட் 19-ஆம் தேதி நம்பியார் காலமானார்.