அம்மாவுக்குப் பாமாயில் ஆகுமா?

கேள்வி: யாங்கோனில் இருக்கிறோம், வீட்டில் நான்கு பேர். கடலை எண்ணெய் விலை கட்டுப்படியாகாமல் பாமாயிலுக்கு மாறிவிட்டோம். மாதம் மூன்று வீசை (பர்மா எடைக் கணக்கில்) ஆகிறது. சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு (வயது 58) இப்போது கெட்ட கொலஸ்டிரால் 162. நல்லெண்ணெய்க்கு மாறினால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சரியா?

மருத்துவர் பதில்: அக்கா சொன்னதில் பாதி சரி. பாமாயிலைவிட நல்லெண்ணெய் நல்லதுதான். ஆனால் எண்ணெயை மாற்றினால் கொஞ்சம்தான் இறங்கும். சர்க்கரையும் இருக்கும்போது அது போதாது, மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்டிராலைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதை அது மந்தமாக்கும். அந்தக் கொழுப்பு கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு, சூரியகாந்தியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல்; அது தலைக்கு இருக்கட்டும். டின்னில் 'கொலஸ்டிரால் இல்லை' என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது.

எனக்கு உறுத்துவது அந்த மூன்று வீசைதான். கிட்டத்தட்ட 4.9 கிலோ! ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராம், அதிலேயே 360 கலோரி. வெளியில் சாப்பிடும் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) டீக்கடைப் பலகாரமும் இதில் சேரவில்லை. இரண்டு வீசைக்கு இறக்குங்கள், 27 கிராமாகும். மிச்சமாகும் காசை வைத்துக் கடலை எண்ணெய்க்குத் திரும்பப் பாருங்கள். முழுக்க முடியாவிட்டால் அம்மா சாப்பிடும் குழம்பு, பொரியலுக்காவது அது இருக்கட்டும். தாளிக்க, பொடிக்கு ஊற்றிக்கொள்ள நல்லெண்ணெய் கொஞ்சம் போதும்.

எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கறியை வதக்குவது பர்மா வழக்கம், நம் வீடுகளிலும் அது ஒட்டிக்கொண்டது. ருசி எனக்கும் தெரியும். அம்மாவுக்குப் பரிமாறும்போது மேலெண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்து வையுங்கள்.

வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். கருத்தாலோ காறல் வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்க்கும்போது தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது மந்தமாக இருந்தாலும் கொலஸ்டிரால் ஏறும்.