கையடக்கக் கேமிங் கணினி: வாங்கவா, விடவா?

ஸ்டீம் டெக், ராக் அலை, லீஜியன் கோ என்று கருவியின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டு ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். விலை எவ்வளவு என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும், அதனால்தானே கேட்கிறீர்கள்.

வீட்டில் நல்ல கிராபிக்ஸ் கார்டோடு டெஸ்க்டாப் இருக்கிறது. வேலை முடிந்து வந்தால் அதன் முன்னால் போய் உட்கார மனமே வருவதில்லை. இருப்பதிலேயே உயர்ந்த கையடக்க மாடலை வாங்கினால் பழையபடி விளையாடுவேனா?

பதிலில் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. உங்களுக்குக் குறைவது வேகம் இல்லை, உட்காரும் மனம். நாள் முழுக்க ஒரு மேசையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ராத்திரி இன்னொரு மேசைக்குப் போவது யாருக்கும் கசக்கத்தான் செய்யும். என்னுடைய பழைய ஸ்டீம் டெக்கில் நான் அதிகம் மெச்சுவது அதன் மேல் விளிம்பில் இருக்கும் பவர் பொத்தானைத்தான். அழைப்பு மணி அடித்தால் ஒரு தட்டு, தூங்கிவிடும். திரும்பி வந்து இன்னொரு தட்டு, சில நொடிகளில் அதே சண்டை, ஓங்கிய வாள் ஓங்கியபடி நிற்கும். அரை மணி கிடைத்தால் அந்த அரை மணியும் விளையாட்டுக்கே போகிறது.

ஆனால் இதற்கு உச்ச மாடல் தேவையா என்பது வேறு விஷயம். வாங்குவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். 'இப்போது விளையாட முடிந்தால் நன்றாக இருக்குமே' என்று தோன்றும்போதெல்லாம் எங்கே, எப்போது என்று ஒரு தாளில் குறித்து வைத்தேன். இரண்டு வாரத்தில் பதினோரு குறிப்பு. அவற்றில் ஒன்பது வீட்டுக்குள்ளேயே! பயணத்துக்காக வாங்குகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தாளில் பயணம் இரண்டே இரண்டு.

உங்கள் தாளும் அப்படி வந்தால், முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். ஸ்டீம் லிங்க், மூன்லைட் போன்ற செயலிகள் டெஸ்க்டாப்பில் ஓடும் ஆட்டத்தை வீட்டு வைஃபை வழியாக உங்கள் போனுக்கே அனுப்பும். யாரிடமாவது ஒரு கன்ட்ரோலரை இரவல் வாங்கிக்கொண்டு சோபாவில் சாயுங்கள். இரண்டு வாரம் கழித்தும் கை தானாக அதைத் தேடினால் கையடக்கக் கணினி உங்களுக்கு உழைக்கும். நாலாம் நாளே போன் மூலைக்குப் போனால் பெரிய தொகை மிச்சம்.

விளம்பரத்தில் பல மணி நேரம் பேட்டரி நிற்கும் என்கிறார்கள். நண்பனுடையது ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. யார் சொல்வது உண்மை?

இரண்டும் உண்மைதான். இதற்குக் கொஞ்சம் வகுத்தல் கணக்கு போட வேண்டும்.

பேட்டரியின் கொள்ளளவை வாட்-அவரில் சொல்வார்கள். 2022-இல் வந்த முதல் ஸ்டீம் டெக்கில் 40 வாட்-அவர். 2023 நவம்பரில் வந்த ஓலெட் திரை மாடலில் 50. முதல் ராக் அலையில் 40, அதற்கு அடுத்த ஆண்டு வந்த அலை எக்ஸில் இரட்டிப்பாக 80. கனமான ஆட்டம் ஓடும்போது ஸ்டீம் டெக்கின் சிப் மட்டும் 15 வாட் வரை இழுக்கும். திரை, மெமரி, மின்விசிறி எல்லாம் சேர்ந்தால் 24 வாட்டைத் தொடும். 40-ஐ 24-ஆல் வகுத்தால் சுமார் ஒரு மணி நாற்பது நிமிடம். அதே கருவியில் பழைய பாணி இருபரிமாண ஆட்டம் ஒன்றை ஓட்டி, மொத்தச் செலவு 8 வாட்டுக்கு இறங்கினால் ஐந்து மணி நேரம். ஓலெட் மாடலுக்கு நிறுவனமே 3 முதல் 12 மணி நேரம் என்றுதான் போட்டிருக்கிறது. இந்த இரண்டு எண்ணில் பெரியது மட்டும் நம் காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

முதல் ராக் அலையை டர்போ என்ற அதிவேக முறையில் வைத்தால் சிப்புக்கு மட்டும் 25 வாட் போகும். 40 வாட்-அவர் பேட்டரியில் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சக்தி கூடிய சிப்பைச் சின்ன பேட்டரியோடு கட்டி வைத்தால், சார்ஜர் கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் நடமாடும் கருவியாகிவிடும். மாடல்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது வாட்-அவரைத்தான், சிப்பின் பெயரெல்லாம் அப்புறம்.

பவர் பேங்க் வாங்குவதாக இருந்தால் 45 வாட்டாவது யுஎஸ்பி-சி வழியாகக் கொடுப்பதாகப் பாருங்கள். 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74 வாட்-அவர். வழியில் வீணாவது போக, சின்ன பேட்டரியை ஒரு முறை நிரப்பிவிடும். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கையோடு கொண்டுபோக 100 வாட்-அவர்தான் எல்லை, எனவே அதற்கு மேல் போக வேண்டாம்.

விண்டோஸ் உள்ளதா, ஸ்டீம் ஓஎஸ் உள்ளதா?

நீங்கள் எந்த ஆட்டம் ஆடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பதில் முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஸ்டீம் ஓஎஸ் என்பது லினக்ஸ். விண்டோஸுக்கு எழுதிய ஆட்டங்களை புரோட்டான் என்ற இடைப்பாலம் அதில் ஓட்டுகிறது. தனியாக ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலானவை வம்பில்லாமல் ஓடும். சிக்கல் வருவது ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ள ஆன்லைன் ஆட்டங்களில். வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் ஸ்டீம் ஓஎஸ்ஸில் ஓடாது. ஜிடிஏ ஆன்லைனும் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் ஓடிக்கொண்டிருந்தவை. 2024-இல் இரண்டுக்கும் கதவை அடைத்துவிட்டார்கள். உங்கள் மாலை நேரம் இவற்றில்தான் போகிறது என்றால் விண்டோஸைத் தவிர வேறு வழி இல்லை.

அப்படி இல்லையென்றால் ஸ்டீம் ஓஎஸ் என்றே சொல்வேன். காரணம் அந்தத் தூங்கும் பொத்தான். விண்டோஸ் கருவி ஒன்றைச் சில மாதம் வைத்திருந்தேன், கம்பெனி பெயர் வேண்டாம். தூங்க வைத்துப் பையில் போட்டு ஜிப்பை மூடினேன். வழியில் முதுகில் சூடு ஏறியது. எடுத்துப் பார்த்தால் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு, மின்விசிறி அலற, அப்டேட் பண்ணிக்கொண்டிருக்கிறது! போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் 9 சதவீதம். அதற்கப்புறம் முழுதாக அணைக்காமல் அதைப் பையில் வைத்ததே இல்லை. முழுதாக அணைத்தால், கிடைத்த அரை மணியில் ஐந்து நிமிடம் திறப்பதிலேயே போய்விடும்.

நிலைமை மாறிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் வந்த ராக் எக்ஸ்பாக்ஸ் அலையில், விண்டோஸ் டெஸ்க்டாப் திரையை முழுதாக ஏற்றாமல் நேராக விளையாட்டுத் திரைக்குப் போகும் வசதி இருக்கிறது. லெனோவோவின் லீஜியன் கோ எஸ் ஸ்டீம் ஓஎஸ்ஸோடும் கிடைக்கிறது. எதுவானாலும், உங்களிடம் இருக்கும் ஆட்டங்களை, புரோட்டானில் எது எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்களே பதிவிடும் புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஸ்டீம் டெக் திரை 800 வரிதானாம். 1080-க்குக் குறைவாக வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். 1280-க்கு 800 என்றால் பத்து லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 1920-க்கு 1080 என்றால் இருபது லட்சத்துக்கு மேல். முதல் லீஜியன் கோவின் 2560-க்கு 1600 திரையில் நாற்பது லட்சத்தைத் தாண்டும். புள்ளி ஒவ்வொன்றுக்கும் சிப் உழைத்தாக வேண்டும். இவ்வளவு சின்னத் திரையில் நாலு மடங்கு புள்ளியை நிரப்பத் திணறுவதைவிட, ஒரு மடங்கை ஒழுங்காக நிரப்புவது மேல். அந்த 1600 திரையில் புதிய ஆட்டம் ஆடுபவர்கள் பெரும்பாலும் அமைப்பில் போய் 800-க்கு இறக்கித்தான் ஆடுகிறார்கள்.

இன்னொன்று, எல்லாரும் நொடிக்கு 60 ஃபிரேமை, அதாவது 60 படத்தைத் துரத்துகிறார்கள். 40-ஐ ஒரு முறை வைத்துப் பாருங்கள். 30-இல் ஒரு ஃபிரேம் 33 மில்லிசெகண்ட் நிற்கும், 60-இல் 17-க்குக் கொஞ்சம் கீழே. 40-இல் சரியாக 25. அதாவது நேரக் கணக்கில் 40 என்பதே நட்டநடு. கையில் அந்த வித்தியாசம் தெரியும், பேட்டரியிலும் தெரியும். திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றவோ, ஃபிரேமுக்கு ஏற்பத் தானே மாற்றிக்கொள்ளவோ வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகன் கல்லூரி போகப்போகிறான். லேப்டாப்புக்குப் பதில் இதை வாங்கித் தந்தால் படிப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும் என்கிறான். உண்மையா?

அம்மா, தொழில்நுட்பக் கணக்குப்படி அவன் சொல்வது பொய் இல்லை. இது முழுக் கணினிதான். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், இவற்றைச் சேர்க்க ஒரு டாக், எல்லாம் இருந்தால் கட்டுரையும் எழுதலாம், நிரலும் எழுதலாம். வகுப்பறை மேசையில் அதையெல்லாம் எப்படி விரிப்பான் என்று மட்டும் கேளுங்கள். ஏழு அங்குலத் திரையில் விரலால் தட்டி நாலு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள், அவனே லேப்டாப் கேட்பான். லேப்டாப் முதலில். இது அப்புறம், அவன் சம்பாத்தியத்தில்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மணிக்கட்டு வலியும் உண்டு, படிக்கப் போடும் கண்ணாடியும் உண்டு. எனக்குச் சரிப்படுமா?

எடையைத் தாளில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்டீம் டெக் ஓலெட் 640 கிராம், அலை எக்ஸ் 678, முதல் லீஜியன் கோ கன்ட்ரோலர்களோடு 854. சமையலறைத் தராசு இருந்தால் ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அந்த எடைக்குக் கொண்டுவாருங்கள். படுக்கவைத்து இரண்டு முனையிலும் பிடித்து, முகத்துக்கு முன்னால் இருபது நிமிடம் வைத்திருங்கள். கருவிகளின் பிடி பாட்டிலைவிட வசதிதான், ஆனாலும் தோள் ஒரு தகவல் சொல்லும். மடியில் தலையணை வைத்து, முழங்கையை அதில் ஊன்றி ஆடினால் பாதி வலி குறையும். நான் அப்படித்தான் ஆடுகிறேன்.

கண் விஷயம் அதைவிடப் பெரிது. பெரிய மானிட்டருக்கென்று செய்த ஆட்டங்களில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல இருக்கும். உரையாடல் அதிகமுள்ள ஆட்டங்கள் பிடிக்குமென்றால் எட்டு அங்குலத்துக்குக் குறையாத திரையைப் பாருங்கள். ஆட்டத்தின் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிய ஆட்டத்தைப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த இரண்டு மணியில் முதல் பத்து நிமிடத்தை எழுத்து படிக்க முடிகிறதா என்பதற்கே ஒதுக்குங்கள்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், நேரில் பார்த்து. முதலில் ஜாய்ஸ்டிக். சோதனைத் திரையைத் திறந்து இரண்டு குச்சியையும் முழு வட்டமாகச் சுற்றிவிட்டு விடுங்கள். புள்ளி நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். லீஜியன் கோவில் இருப்பது காந்தத்தால் வேலை செய்யும் ஹால் வகைக் குச்சி, உரசித் தேயும் வகை இல்லை. ஸ்டீம் டெக்குக்கு உதிரிபாகம் ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்புத் தளத்தில் கிடைக்கிறது. வேறு பிராண்டுகளுக்குப் பாகம் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே தேடிப் பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை இருக்கிறது. செய்தபோது இருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அதில் வந்துவிடும். அப்புறம் சார்ஜர் முனையைச் செருகி மெல்ல அசைத்துப் பாருங்கள், சார்ஜ் விட்டுவிட்டு ஏறக்கூடாது. ஆட்டம் ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லி மின்விசிறி பக்கம் காதை வையுங்கள். காற்றுச் சத்தம் பரவாயில்லை, கரகரப்பு வந்தால் வேண்டாம்.

குறைந்த சேமிப்பு மாடலை வாங்கி, பிறகு கூட்டிக்கொள்ளலாமா?

கூட்டலாம். மெமரி கார்டிலிருந்தே பெரும்பாலான ஆட்டங்கள் நன்றாக ஓடும், திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியை மாற்றுவதானால் அளவைக் கவனியுங்கள். ஸ்டீம் டெக்கில் இருப்பது 2230 என்ற குட்டி வகை. அலை எக்ஸில் வழக்கமான 2280 வகை. ரேம் அப்படி இல்லை, தாய்ப்பலகையோடு ஒட்டியே வருவது. 16 ஜிபியை வாங்கினால் கடைசிவரை 16 ஜிபிதான், அதிலும் கிராபிக்ஸுக்கு ஒரு பங்கு போகும். சேமிப்பில் சிக்கனம் பிடித்து, அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள்.

அடுத்த ஆண்டு புது மாடல் வரும் என்கிறார்களே, பொறுக்கலாமா?

அடுத்த ஆண்டும் இதையே சொல்வார்கள். இப்போது ஆட நினைக்கும் ஆட்டம் இப்போதுள்ள கருவியில் ஓடுகிறதென்றால் பொறுக்க வேண்டியதில்லை. ஓடவில்லை என்றால் வாங்க வேண்டியதில்லை.

நின்டெண்டோ ஸ்விட்ச் 2 போதாதா?

நின்டெண்டோவின் சொந்த ஆட்டங்கள் வேண்டுமென்றால் அது ஒன்றுதான் வழி, அவை கணினிக்கு வருவதில்லை. ஸ்டீமில் ஏற்கெனவே நூறு ஆட்டம் வாங்கிக் குவித்திருப்பவருக்கு அதில் ஒன்றுகூடத் திறக்காது. அலமாரி எந்தப் பக்கம் நிறைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள்.

வாங்கி ஆறு மாதம் ஆகிறது. பத்து மணி நேரம்கூட ஆடவில்லை. பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. என்ன செய்ய?

எங்கே வைத்திருக்கிறீர்கள்? உறைக்குள் போட்டு அலமாரியில்தானே? வெளியே எடுங்கள். நீங்கள் வழக்கமாகச் சாயும் இருக்கைக்குப் பக்கத்தில் சார்ஜரைச் செருகி, அதன் முனையில் மாட்டி வையுங்கள். நிறுவி வைத்திருக்கும் இருபது ஆட்டங்களையும் நீக்கிவிட்டு, சின்னதாக ஒன்றே ஒன்றை மட்டும் விடுங்கள். என்ன ஆடலாம் என்று பட்டியலைத் தள்ளிக்கொண்டே தூங்கிப்போவதுதான் பல பேருடைய கதை.

ஒரு மாதம் பாருங்கள். அப்போதும் கை போகவில்லை என்றால் விற்றுவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தள்ளிப்போட்டால் பேட்டரியும் கிழடாகும், விலையும் இறங்கும். விற்கும்வரை பேட்டரியைச் சுத்தமாகக் காலியாக விடாமல் பாதியளவு சார்ஜில் வைத்திருங்கள். கொடுக்கும் முன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து ரீசெட் பண்ணுங்கள். மெமரி கார்டையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். அந்த விண்டோஸ் கருவியை நான் கார்டோடு சேர்த்தே கொடுத்துவிட்டு, மறுநாள் வாங்கியவருக்கே போன் போட்டு அசடு வழியக் கேட்டு வாங்கினேன்.