அப்பாவின் துப்பாக்கி பீரோவில் இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: தேனி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். தென்னந்தோப்புக்குள் காட்டுப்பன்றி இறங்குவதால் என் தந்தை பல ஆண்டுகளாக உரிமம் பெற்று ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். எட்டு மாதங்களுக்கு முன் அவர் காலமானார். துப்பாக்கியும் 19 தோட்டாக்களும் அவர் வைத்த இடத்திலேயே, படுக்கையறை பீரோவில் இருக்கின்றன. சாவி அம்மாவிடம் இருக்கிறது. உரிமத்தில் இன்னும் இரண்டு ஆண்டுகள் மீதம் இருப்பதால், அதுவரை பூட்டியே கிடக்கட்டும் என்கிறார் அம்மா. அப்பாவின் நினைவாக நான் எடுத்துப் போகிறேன் என்கிறான் சென்னையில் இருக்கும் தம்பி. எனக்கு ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். வீட்டில் துப்பாக்கியை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது? நாங்கள் இப்போது தவறு செய்துகொண்டிருக்கிறோமா?

பதில்: உங்கள் தந்தையின் மறைவுக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால், இந்தத் துப்பாக்கி உங்கள் வீட்டில் இருக்கலாமா என்ற கேள்வி இருக்கிறது. அதற்குச் சட்டம் தரும் விடை, இப்போதைய நிலையில் இருக்கக் கூடாது என்பதே.

படைக்கலச் சட்டம், 1959-இன் 3-ஆவது பிரிவின்படி, துப்பாக்கியையோ தோட்டாவையோ கைவசம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் ஒரு குடும்பத்துக்கோ வீட்டுக்கோ தோட்டத்துக்கோ தரப்படுவதில்லை. காவல்துறை விசாரித்து அறிக்கை தந்த குறிப்பிட்ட ஒரு நபருக்குத் தரப்படுகிறது. துப்பாக்கி சொத்து என்ற முறையில் வாரிசுகளுக்கு வரும். அதை வைத்திருக்கும் உரிமை வராது. ஆகவே உரிமப் புத்தகத்தில் எந்தத் தேதி எழுதியிருந்தாலும், உங்கள் தந்தை மறைந்த பிறகு அது உங்கள் அம்மாவையோ உங்களையோ காப்பாற்றாது. மீதமிருக்கும் இரண்டு ஆண்டுகளை நம்பிக் காத்திருப்பதுதான் இத்தகைய குடும்பங்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் பெரிய தவறு.

துப்பாக்கியை யாரும் கையில் எடுப்பதில்லையே, பூட்டிய பீரோவில்தானே கிடக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். கைவசம் என்ற சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் விளக்கம் தந்திருக்கிறது. பொருள் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. அது இருப்பதை அறிந்து, அதன்மேல் கட்டுப்பாடும் வைத்திருந்தால் போதும் என்பது அதன் சாரம். பீரோவில் துப்பாக்கி இருப்பது அம்மாவுக்குத் தெரியும், சாவியும் அவரிடம் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் இன்று அந்தத் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருப்பவர் அவர்தான் என்று சொல்ல இதுவே போதுமானது. அதே வீட்டில் எல்லாம் அறிந்து வாழும் உங்களை நோக்கியும் அந்தக் கேள்வி திரும்பலாம்.

இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை 21-ஆவது பிரிவு நேராகச் சொல்கிறது. எந்தக் காரணத்தாலாயினும் ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டபூர்வமற்றதாகிவிட்டால், தேவையற்ற தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கத் தவறுவதும், உரிமமின்றி வைத்திருப்பதும் 25-ஆவது பிரிவின் கீழ் குற்றங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இவற்றுக்கான தண்டனை 2 ஆண்டுகளுக்குக் குறையாமல் 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் ஆகும். உங்களை அச்சுறுத்த இதை எழுதவில்லை. 3-ஆவது பிரிவை மீறியதாக வழக்குத் தொடர மாவட்ட நடுவரான மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆவது பிரிவு கூறுகிறது. துக்க வீட்டில் நேர்ந்த தாமதத்தை விளக்கித் தாமாகவே முன்வந்து ஒப்படைப்பவருக்கும், சோதனையில் துப்பாக்கி கண்டெடுக்கப்பட்டவருக்கும் உள்ள வேறுபாடு அந்த அனுமதியின்போது எடை பெறும். ஆனால் எட்டு மாதம் ஒன்பதாக ஆக ஆக அந்த விளக்கம் வலுவிழக்கும்.

ஒப்படைப்பதற்காக நீங்களே துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பேருந்திலோ இருசக்கர வாகனத்திலோ எடுத்துச் செல்ல வேண்டாம். உரிமதாரரின் முன்னிலையிலோ அவரது எழுத்து அனுமதியோடோ மற்றொருவர், பழுது பார்க்கவும் உரிமத்தைப் புதுப்பிக்கவும் துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் ஒரு விலக்கு தருகிறது. அந்த அனுமதியைத் தர இப்போது உரிமதாரர் இல்லை. எனவே முதலில் காவல் நிலைய ஆய்வாளருக்கு அம்மாவின் பெயரில் ஒரு கடிதம் கொடுங்கள். தந்தை இறந்த நாள், உரிம எண், துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளும்படி கேளுங்கள். இறப்புச் சான்றிதழின் நகலை இணையுங்கள். கடிதத்தின் மற்றொரு படியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். அதே கடிதத்தின் நகலை உரிமம் வழங்கும் அதிகாரியான மாவட்ட ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். துப்பாக்கியை எடுத்துச் செல்லும்போது, அதன் எண்ணும் 19 தோட்டாக்களும் தனித்தனியாகக் குறிக்கப்பட்ட ரசீதைப் பெறாமல் விடாதீர்கள். உரிமப் புத்தகத்தில் பதிவாகியுள்ள தோட்டாக் கணக்கும் வீட்டில் உள்ள எண்ணிக்கையும் பொருந்தாவிட்டால், உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள்.

தம்பியிடம் கொடுப்பது கூடவே கூடாது. வைத்திருக்கத் தகுதியுள்ளவர்தானா என்று உறுதிசெய்யாமல் ஒருவரிடம் ஆயுதத்தை ஒப்படைப்பது 29-ஆவது பிரிவின் கீழ் 3 ஆண்டுகள் வரை தண்டிக்கத்தக்க தனிக் குற்றம். உடன்பிறந்தவர் என்பதால் அது மாறாது. அப்பாவின் நினைவாக என்ற உணர்வை நான் மதிக்கிறேன். அந்த நினைவைச் சட்டத்துக்குள் காப்பாற்றவும் வழி இருக்கிறது.

படைக்கல விதிகள், 2016-இன் கீழ், இறந்த உரிமதாரரின் சட்டப்படியான வாரிசு தம் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழோடு, இந்தத் துப்பாக்கி விண்ணப்பதாரருக்கே செல்வதில் ஆட்சேபணை இல்லை என்று மற்ற வாரிசுகள் தரும் உறுதிமொழியையும் தயாராக வைத்திருங்கள்; வாரிசுகளுக்குள் ஒப்புதல் இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் தேங்கிக் கிடக்கின்றன. மருத்துவச் சான்றும், துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றும் தேவைப்படும். உரிமம் கிடைத்தால் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். வாரிசாக வந்தவற்றையும் சேர்த்து ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. யாருக்கும் விருப்பமில்லையென்றால், காவல் நிலையத்தில் இருக்கும்போதே அனுமதி பெற்று உரிமம் உள்ளவருக்கோ விற்பனையாளருக்கோ விற்றுவிடலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால், விதித்த காலம் கடந்தபின் அது அரசுக்குப் பறிமுதலாகும்.

இனி நீங்கள் கேட்ட பாதுகாப்புக்கு வருகிறேன். நீங்களோ தம்பியோ நாளை உரிமம் பெற்றால் இது முக்கியமாகும். விண்ணப்பத்தின்போதே, துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தவும் வைத்திருக்கவும் தக்க ஏற்பாடு உண்டு என்பதை எஸ்-2 படிவத்தில் காட்ட வேண்டும். பயிற்சியிலும் அது ஒரு பாடம். அந்தப் படிவத்தைத் தட்டச்சுக் கடையில் நிரப்பிக் கையெழுத்திட்டு மறந்துவிடுகிறார்கள். நாளை வீட்டில் ஏதேனும் நேர்ந்தால் முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது அந்தக் கையெழுத்துதான். உரிம நிபந்தனையையோ விதியையோ மீறினால் 30-ஆவது பிரிவின்படி 6 மாதங்கள் வரை சிறையோ அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கலாம். 17-ஆவது பிரிவின்படி உரிமத்தையும் ரத்து செய்யலாம். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் தண்டனை 5 ஆண்டுகள் வரை நீள்கிறது.

வீட்டில் துப்பாக்கிக்குப் போடும் பூட்டு திருடனுக்காக மட்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உரிமம் ஒருவருக்கே என்பதால், அந்தப் பூட்டு மனைவி, மக்கள், தோட்டக் காவலாளி உட்பட உரிமம் இல்லாத அனைவருக்கும் எதிரானது. நகையும் பட்டுப்புடவையும் இருக்கிற, நாளுக்கு நான்கு முறை திறக்கப்படுகிற பீரோ இதற்கு ஏற்ற இடமல்ல. சுவரோடு பிணைத்த தனி இரும்புப் பெட்டி வேண்டும். அதன் சாவி உரிமதாரரிடம் மட்டுமே இருக்க வேண்டும். சாமி படத்துக்குப் பின்னாலும் அரிசி டப்பாவிலும் ஒளித்து வைத்த சாவியைக் குழந்தைகள் நமக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்கள். உள்ளே வைக்கும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு குழல்களும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரட்டைக் குழல் துப்பாக்கியில் குழலையும் கட்டையையும் எளிதில் கழற்றிவிடலாம். கழற்றித் தனித்தனியே வைப்பது நல்லது. தோட்டாக்கள் வேறொரு பெட்டியில், வேறொரு பூட்டில், ஈரம் படாத இடத்தில், உரிமத்தில் குறித்த அளவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். துப்பாக்கியோ தோட்டாவோ காணாமல் போனால், வீட்டில் தேடிப் பார்த்துக்கொண்டு நாள்களைக் கடத்தாமல் உடனே காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். நெடுநாள் வெளியூர் செல்பவர்கள், விதிகள் இடம் தருவதால், உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் அதை வைத்துவிட்டுச் செல்லலாம்.

காவல்துறையினர் வரும்வரை, துப்பாக்கியைத் துடைக்கவோ தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்க்கவோ யாரும் முற்பட வேண்டாம். அப்பா தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் வைத்திருப்பார் என்ற அனுமானமும் வேண்டாம். அந்த அறையில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். பீரோவிலிருந்து அன்றாடம் தேவைப்படும் பொருள்களை இன்றே வேறிடத்துக்கு மாற்றிப் பூட்டி, சாவியை அம்மாவே தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும். கடிதத்தை நாளைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள்.