கேளுங்கோ, சொல்லுறம்: இந்த முறை போன் பற்றியே மூன்று கடிதங்கள்

கேள்வி: எங்கள் இலங்கை சிறிய நாடு, கடனும் நிறைய. ஆனால் தெற்காசியாவிலேயே செல்போன் முதலில் இங்கேதான் வந்தது என்று ரியூசன் சேர் சொன்னார். உண்மையா?
- உயர்தர மாணவி, சாவகச்சேரி

பதில்: உண்மைதான் பிள்ளை. 1989இல் செல்டெல் என்ற கம்பனி இங்கே சேவையைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995இல்தான், கல்கத்தாவில் இருந்து டெல்லிக்கு. ஆனால் அந்த முதல் போன்கள் வசதி படைத்த வியாபாரிகளுக்கே கட்டுப்படியாகின, வருகிற கோலுக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் முதலில் வந்ததை விட, பிறகு எப்படிப் பெருகியது என்பதுதான் படிக்க வேண்டிய பகுதி.

அதற்கு முதல் தொலைபேசி என்றால் அரசாங்கத் திணைக்களம் ஒன்றுதான். விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 1991இல் சட்டம் மாறி திணைக்களம் கூட்டுத்தாபனமானது, 1993இல் மொபிட்டல் என்ற கைபேசிக் கம்பனி, 1995இல் டயலொக்கின் டிஜிட்டல் சேவை, 1996இல் கம்பி இழுக்காமலே வீட்டுக்குப் போன் கொடுக்கும் சன்டெலும் லங்கா பெல்லும், அடுத்த வருடமே ஜப்பானின் என்டிடி கம்பனி, அந்தப் பழைய திணைக்களத்தின் வழிவந்த ஸ்ரீலங்கா ரெலிகொம்மில் 35 சதவீதப் பங்கை வாங்கியது. இத்தனை பேர் இவ்வளவு சின்னச் சந்தையில் போட்டி போட்டால் விலை இறங்காமல் என்ன செய்யும்? நாடு சிறியது என்பதும் இதில் வசதிதான், கொஞ்ச ரவரிலேயே நிறையச் சனத்தை எட்டலாம். 2006இல் வேகமான இன்டர்நெட் தருகிற 3ஜியும் தெற்காசியாவில் முதலில் இங்கேதான் வந்தது.

ஆனால் என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் விட முன்கூட்டியே காசு கட்டிக் கதைக்கிற ப்ரீபெய்ட்தான் பெரிய விஷயம். மாதப் பில்லும் இல்லை, சம்பளச் சீட்டும் கேட்பதில்லை. மீன் விற்கிற அம்மாவும் கையில் இருக்கிற காசுக்கு ரீலோட் போட்டுவிட்டுக் கதைக்கலாம் என்று வந்த பிறகுதான் போன் எல்லோருடையதும் ஆனது.

கேள்வி: அப்படியென்றால் யாழ்ப்பாணத்துக்கு ஏன் அவ்வளவு பிந்தி வந்தது? அம்மாவும் அப்பாவும் "கொமினிகேசன்" என்று ஏதோ சொல்கிறார்கள், எனக்கு விளங்கவில்லை.
- 2004இல் பிறந்தவன், கோண்டாவில்

பதில்: தம்பி, மேலே சொன்ன வருடங்களைத் திருப்பிப் பாருங்கள். 1990இல் சண்டை மறுபடி தொடங்கியதும் இங்கே கரண்டும் போனது, தொலைபேசியும் போனது. கொழும்பில் கம்பனிகள் வாடிக்கையாளரைத் தேடித் திரிந்த அந்த வருடங்களில், நாங்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் தாளில் நாலு வரி எழுதி, பதில் வர மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். 2002இல் சமாதானம் வந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்த பிறகுதான் கைபேசி இங்கே பரவலானது. அதுவும் நிலைக்கவில்லை. 2006 ஓகஸ்டில் சண்டை வெடித்துப் பாதை மூடியபோது கைபேசிச் சேவையையும் நிறுத்திவிட்டார்கள்.

கொமினிகேசன் என்பது கோல் எடுக்கிற கடை. பலகை அடித்த இரண்டு கூண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு போன், மேலே சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீற்றர், வெளியே ஒரு வாங்கு. வெளிநாட்டில் இருந்து கடைக்குத்தான் கோல் வரும். கடைப் பொடியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுப் படலையில் வந்து நின்று, "அன்ரி, கனடாக் கோல், பதினைஞ்சு நிமிசத்தில திருப்பி எடுப்பினமாம்" என்று கத்துவான். அடுப்பில் இருக்கிறதை இறக்கிவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடியே அம்மா ஓடுவா. போய்ச் சேர்ந்தால் வாங்கில் ஏற்கெனவே ஆறு பேர். கூண்டுக்குள் அழுவது வெளியே எல்லோருக்கும் கேட்கும், ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வந்த கோலுக்கும் நிமிடக் கணக்கில் காசு வாங்குவார்கள். எனது மாமி தன் மகன் குரலை மூன்று வருடத்துக்குப் பிறகு அப்படி ஒரு கூண்டில்தான் கேட்டா, கேட்டதும் ஒன்றும் கதைக்க வராமல் நின்றுவிட்டா, மீற்றர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் அம்மா அப்பாவிடம் அவர்கள் போன கடை எது என்று கேட்டுப் பாருங்கள், இடத்தோடு சொல்லுவார்கள்.

கேள்வி: பிள்ளைகள் எல்லோரும் வட்ஸ்அப்பில்தான் எடுக்கிறார்கள். 021 வீட்டு லைனை வெட்டிவிடலாமா? மாதா மாதம் காசு போகிறது.
- இளைப்பாறிய ஆசிரியர், மானிப்பாய்

பதில்: ஐயா, அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் லைன் பழைய செப்புக் கம்பியா, ஒளியில் ஓடுகிற கண்ணாடி நூலான பைபரா என்று பாருங்கள். செப்புக் கம்பி என்றால் அதற்கு வேண்டிய கரண்ட் தொலைபேசி நிலையமான எக்ஸ்சேஞ்சில் இருந்தே வருகிறது, வயர் உள்ள சாதாரணப் போனை மாட்டினால் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் கதைக்கலாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, ரவர்களின் பற்றறி இறங்கி, ஜெனரேற்றருக்கு டீசலும் கிடைக்காமல் கைபேசியில் சிக்னல் போனது நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவருக்கு இரவில் நெஞ்சு வலி வந்தபோது பக்கத்து வீட்டுப் பழைய லைனில் இருந்துதான் வாகனம் கூப்பிட்டோம்.

பைபர் என்றால் கதை வேறு, சுவரில் இருக்கிற பெட்டிக்குக் கரண்ட் இல்லாவிட்டால் போனும் இல்லை. அந்தப் பெட்டிக்கென்று, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடவைக்கிற பற்றறியான சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள், ஒன்று வாங்கி மாட்டுங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் தனியே இருக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அதனால் லைனை வைத்திருங்கள், மாதக் காசைப் பிள்ளைகள் யாராவது ஒருவர் கட்டட்டும். போனைக் கட்டிலுக்குப் பக்கத்தில், இருட்டில் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள்.