லீக்கில் இடம் கிடைத்துவிட்டது, படிப்பை என்ன செய்வது?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தையும் கூடவே வைத்திருந்த ஒப்பந்த நகலையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் மகனுக்கு, நம் தம்பிக்கு, இருபது வயது, பட்டப்படிப்பில் இன்னும் ஒரே வருடம் பாக்கி. இந்த நேரத்தில் வட்டார அளவில் நடக்கும் அரைத் தொழில்முறை கூடைப்பந்து லீக் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்பை நிறுத்திவிட்டு ஆடப்போகிறேன் என்று அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். பந்தையே தொடக்கூடாது என்கிறார் அவர் அப்பா. நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் இருக்கிறீர்கள்.

அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பயிற்சி செவ்வாய், வியாழன் மாலை ஆறரை மணிக்கு. ஆட்டங்கள் சனி, ஞாயிறு. சீசன் ஐந்து மாதம். பணம் மாதச் சம்பளமாக இல்லை, ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான். ஆட வருகிறவருக்கு வார நாட்களில் வேலையோ படிப்போ இருக்கும் என்று வைத்துக்கொண்டே இதை எழுதியிருக்கிறார்கள். படிப்பை விடும்படி அந்த லீக் கேட்கவே இல்லை அம்மா. தம்பியாக எடுத்த முடிவு அது. ஆகவே என் பதில்: ஆடட்டும், கல்லூரிக்கும் போகட்டும். ஆனால் அவரை எடுக்கும் கிளப் அவருடைய ஆட்டத்தை எவ்வளவு கவனமாக எடை போட்டதோ, கையெழுத்துப் போடும் முன் அதே கவனத்தோடு அந்த லீக்கையும் நீங்கள் எடை போட வேண்டும்.

இப்படி வேலையும் ஆட்டமுமாக ஓடும் லீக்குகள் புதிதில்லை. 1946 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தை மையமாக வைத்து ஒரு லீக் ஆறு அணிகளோடு தொடங்கியது. பின்னாளில் அமெரிக்காவின் தலைசிறந்த கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஆன அமைப்பு உருவானது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். வீரர்கள் வாரம் முழுக்க அவரவர் வேலையைப் பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வந்து ஆடினார்கள். அதே லீக் 1978-இல் கான்டினென்டல் பாஸ்கெட்பால் அசோசியேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டு நாடு முழுவதும் பரவியது. கடையில் சாமான்களைப் பையில் போட்டுக்கொடுக்கும் வேலை பார்த்த ஜான் ஸ்டார்க்ஸ் அங்கே ஆடியவர். 1994-இல் அவர் என்.பி.ஏ.வின் சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர். பயிற்சியாளராக என்.பி.ஏ. பட்டத்தை 11 முறை வென்ற ஃபில் ஜாக்சன், அதற்கெல்லாம் முன்னால் 1984-இல் ஆல்பனி அணிக்கு அந்த லீக்கின் பட்டத்தை வாங்கிக் கொடுத்தவர்.

இதைத் தம்பியிடம் சொன்னால் அவர் முகம் மலரும். மலரட்டும், அதோடு மீதிக் கதையையும் சொல்லுங்கள். 1999-இல் முன்னாள் நட்சத்திர வீரர் ஐசேயா தாமஸ் அந்த லீக்கை மொத்தமாக விலைக்கு வாங்கினார். இதற்கிடையே என்.பி.ஏ. இளம் வீரர்களை வளர்த்தெடுக்கத் தனக்கென்று ஒரு வளர்ச்சி லீக் தொடங்க முடிவு செய்தது. 2001 பிப்ரவரியில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, அரை நூற்றாண்டைத் தாண்டிய அந்த லீக் கதவை மூடியது. பிறகு வேறு கைகளில் உயிர் பெற்று 2009 வரை ஓடியது என்றாலும், அந்தப் பிப்ரவரியில் வீட்டுக்குப் போன வீரர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

லீக் வளரும் விதத்திலேயே அதன் ஆயுளை ஓரளவு கணிக்கலாம். பிலிப்பைன்ஸில் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் தொடங்கிய எம்.பி.பி.எல். என்ற கூடைப்பந்து லீக்கில் 2018 ஜனவரியில் 10 அணிகள். அடுத்த சீசனில் 26, அதற்கடுத்து 31. ஊருக்கு ஓர் அணி என்றதும் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், எத்தனையோ பையன்களுக்கு ஆட இடம் கிடைத்தது. ஆனால் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்றுபோன மூன்றாவது சீசனை ஒரு வருடம் கழித்துத்தான் முடிக்க முடிந்தது. ஆஸ்திரேலியாவின் என்.பி.எல்.1 என்ற கூடைப்பந்து லீக் வேறு வழியில் வந்தது. 2019-இல் தென்கிழக்குப் பகுதியில் தொடங்கி, மற்ற பகுதிகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த லீக்குகளை அடுத்த சில ஆண்டுகளில் சேர்த்துக்கொண்டது. அங்குள்ள கிளப்புகள் பலவற்றுக்கு அடியில் சிறுவர், சிறுமியர் அணிகள் இருக்கின்றன. பெண்கள் லீக்கும் ஆண்கள் லீக்கும் சேர்ந்தே நடக்கின்றன. என்னைக் கேட்டால், எட்டு வயதுப் பிள்ளைகள் காலையில் ஓடிப் பழகும் கிளப்பைத்தான் நம்புவேன். ஒரு முதலாளி விலகினாலும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கிளப்பை எளிதில் சாகவிட மாட்டார்கள்.

ஆகவே கிளப்பிடம் இதையெல்லாம் கேளுங்கள்: இந்த லீக் எத்தனை சீசன் முடித்திருக்கிறது, முதல் சீசனில் ஆடிய அணிகளில் எத்தனை இன்னும் இருக்கின்றன, போன சீசன் பணம் முழுவதும் வீரர்கள் கைக்கு வந்ததா. கடைசிக் கேள்வியைக் கிளப்பிடம் மட்டும் கேட்டால் போதாது. அங்கே போன வருடம் ஆடிய இரண்டு பேரைத் தம்பி தேடிப் பிடித்துப் பேசட்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையனுக்கு நான்காவது ஆட்டத்தோடு பணம் நின்றுவிட்டது. முந்தைய வருடமும் அதே கிளப்பில் அப்படித்தான் நடந்தது என்று பிறகு தெரிந்தது. முன்னாடியே ஒரு போன் செய்திருக்கலாமே என்று அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. லீக்குக்கு நாட்டின் கூடைப்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பணம் வாங்கி ஆடினால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி போய்விடும் என்ற விதி சில இடங்களில் உண்டு. கல்லூரியில் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என்னை உண்மையில் கலங்கவைத்தது ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு. ‘காயம் ஏற்பட்டால் கிளப் முதலுதவி அளிக்கும்.’ அவ்வளவுதான், ஒரே வரி. கூடைப்பந்தில் குதித்து இறங்கும்போது முட்டி திரும்பினால் உள்ளே எலும்புகளை இணைக்கும் லிகமென்ட் கிழியலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி ஆட வர ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். முதலுதவி என்பது ஐஸ் பையும் கட்டும். ஸ்கேன், அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் பிசியோதெரபி எல்லாம் யார் செலவு? காப்பீடு உண்டா, அதில் கட்டணம் செலுத்துவது யார், ஆட முடியாத மாதங்களில் ஏதாவது தொகை வருமா என்பதை அந்தப் பிரிவில் எழுதித்தரச் சொல்லுங்கள். எழுதமாட்டோம் என்றால் நீங்களே ஒரு காப்பீடு எடுக்காமல் தம்பியைக் களத்தில் இறக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம், தம்பியின் கனவு. சத்னாம் சிங்கைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும். ஏழடிக்கு மேல் உயரம், 2015-இல் என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 52-ஆவது ஆளாக டல்லஸ் அணி எடுத்துக்கொண்டவர், அப்படித் தேர்வான முதல் இந்தியர். அவரும் டல்லஸின் வளர்ச்சி லீக் அணியில் இரண்டு சீசன் ஆடினார், என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்க வாய்ப்பு வரவில்லை. தம்பியை அடக்க இதைச் சொல்லவில்லை. மேலே இருக்கும் இடங்கள் அவ்வளவு குறைவு. ஆனால் ஒரு லீக்கில் ஆடுகிறவர்களைத் தவிர இன்னும் எத்தனையோ பேருக்கு வேலை இருக்கிறது, அதை உள்ளே இருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்கிறது. பயிற்சியாளர், பிசியோ, உடற்திறன் பயிற்சியாளர், வீடியோவை வெட்டி ஆராய்கிறவர், நேரலை ஒளிபரப்புகிறவர், ஸ்பான்சர் பிடிக்கிறவர் என்று. நடுவர்களுக்கும் சின்ன லீக்குகள்தான் பள்ளிக்கூடம்.

ஒரு நாள் ஆடாத நேரத்தில் அவரை ஸ்கோரர் மேஜைக்குப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நான் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்கோர் தாளில், ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேரின் எண்ணுக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் சின்ன பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்திடுவார். ஆட்டம் தொடங்கும்போது ஸ்கோரர் களத்தில் நிற்பவர்களைச் சரிபார்த்து அந்தக் குறிகளை வட்டமிடுவார். முதல் கால்பகுதிக்குச் சிவப்புப் பேனா, இரண்டாவதற்கு நீலமோ கறுப்போ, மூன்றாவதற்கு மறுபடி சிவப்பு. பக்கத்தில் ஒருவர், பந்தை வைத்திருக்கும் அணி வளையத்தை நோக்கி எறிய வேண்டிய நேரத்தைக் காட்டும் 24 வினாடிக் கடிகாரத்தின் பொத்தானில் விரலை வைத்தபடி கண் இமைக்காமல் உட்கார்ந்திருப்பார். பந்து வளையத்தில் பட்டு அதே அணியின் கைக்குத் திரும்பினால் கடிகாரத்தை 14 வினாடிக்கு வைப்பார். அந்த மேஜையில் பழகியவர்களுக்கு ஆட்டம் வேறு மாதிரி தெரியும். முட்டி ஓய்வு கேட்கும் வயதிலும் அந்த அறிவு கையில் இருக்கும்.

கல்லூரி அட்டவணையையும் லீக் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகலில் இருக்கும் தேதிகளின்படி கடைசி மூன்று வாரம் தேர்வோடு மோதுகிறது. ‘தேர்வு நாட்களில் ஆட்டத்திலிருந்து விலக்கு, அதற்காக அபராதம் இல்லை’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் நல்ல கிளப் தயங்காது. இதைக் கேட்கப் போகிறவர் தம்பியாக இருக்கட்டும், நீங்கள் கூடப் போனால் போதும். அப்பாவையும் ஒரு பயிற்சிக்கு அழைத்துப்போங்கள், மகன் எங்கே ஓடுகிறான் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். ஒன்பதாவது பிரிவுக்கு கிளப் என்ன எழுதித் தருகிறது என்று தெரிந்ததும், கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள். அன்றைக்கே படித்துச் சொல்கிறேன்.